பட்டத்தின் பெயரும் பாடத்தின் சாரமும்

அமெரிக்காவில் ஃபிஸிஷியன் அசிஸ்டென்ட் எனும் மருத்துவத் துணைவர் உத்தியோகத்தை நாடும் வித்தியார்த்திகள், இளநிலைப் பட்டத்தின் பெயரில் ‘சுகாதாரம்’ என்ற சொல் இருந்தால்தான் அதற்குப் பயிற்றும் பள்ளிகளின் கதவு திறக்கும் என்று மயங்குவது வியப்பாயிருக்கிறது. பெரும்பாலான பள்ளிகள் பட்டத்தின் பெயரைப் பொருட்படுத்துவதில்லை. உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், ரசாயனம் ஆகியவற்றைக் கற்றிருக்கிறாரா, நோயாளிகளின் அருகிலிருந்து பணிபுரிந்த அனுபவம் உண்டா என்பதே அவற்றின் விசாரணை. 1965-இல் ட்யூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜீன் ஸ்டெட் இப்படிப்பைத் தொடங்கியபோது முதலில் சேர்த்துக்கொண்டது, கடற்படையில் சிகிச்சைப் பணியிலே கைபழகியவர்களைத்தான்.

சுகாதார விஞ்ஞானம் என்ற பெயர் தாங்கிய சில பட்டங்களிலோ நிர்வாகமும் கொள்கையும் மலிந்து, ரசாயனக் கூடத்துக்கே இடமில்லாமற் போவதுண்டு. அத்தகைய பட்டத்தைத் தேர்ந்தவர் பிற்பாடு கோடை விடுமுறையில் ரசாயனத்தைத் தனியே பணம் கட்டிப் படிக்க வேண்டியதுதான். ஃபிஸிஷியன் அசிஸ்டென்ட் பள்ளியில் இடம் கிடைக்காவிடினும் ஜீவனத்துக்கு வழிசெய்யும் நர்ஸிங்கோ சுவாசச் சிகிச்சையோ மேல் என்பது என் அபிப்பிராயம். ஆயினும் நர்ஸிங் மாணவர்க்கெனச் சுருக்கி நடத்தும் ரசாயனத்தைச் சில பள்ளிகள் ஏற்பதில்லையாதலால், இளநிலைப் படிப்பில் சேருமுன் விரும்பும் பள்ளிகளின் நிபந்தனைகளைப் பாடத்திட்டத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.