வெயில் எட்டாத வீட்டுக்கு எந்தச் செடி?

தக்காளிக்கும் கத்தரிக்கும் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும் என்பதை விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வரப்போரம் நிற்கும் வேம்பின் நிழல் விழும் இடத்தில் நெல் பதராவதைப் பார்த்தவர்கள் நீங்கள். ஆனால், நகரத்துக்குச் செடியும் விதையும் கொடுத்தனுப்பும்போது மட்டும் இந்தப் பாடம் நமக்கு மறந்துபோகிறது.

தோட்டக்கலைத் துறை 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. 2021-22இல் 900 ரூபாய் மதிப்புள்ள மாடித் தோட்டத் தளை மானியம் போக 225 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆறு வளர்ப்புப் பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், ஆறு வகைக் காய்கறி விதைகள், உயிர் உரம், டிரைக்கோடெர்மா விரிடி, வேப்ப எண்ணெய் மருந்து என்று நிறைவான தொகுப்பு அது. 2025 ஜூலையில் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்திலும் காய்கறி விதைத் தொகுப்பும் பழச்செடித் தொகுப்பும் தரப்படுகின்றன. எல்லாம் நல்லதே. ஆனால், திட்டத்தின் பெயரிலேயே ‘மாடி’ இருக்கிறது. மாடி இல்லாதவர் என்ன செய்வார்?

வியாசர்பாடி ஜீவா ரயில் நிலையத்தில் இறங்கி, மகாகவி பாரதி நகர் பக்கமோ புளியந்தோப்புப் பக்கமோ நடந்து பாருங்கள். 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் (2021 முதல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) கட்டிய குடியிருப்புகள் வடசென்னை முழுவதும் உள்ளன. மொட்டைமாடி எல்லாருக்கும் பொது. தண்ணீர்த் தொட்டியும் குழாய்களும் துணிக்கொடியும் போக மிஞ்சும் இடத்தில் யார் பை வைப்பது என்பதே வழக்காகிவிடும். பல இடங்களில் மாடிக் கதவுக்குப் பூட்டு.

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட வாரியக் கட்டிடம் இடிந்து விழுந்தது. குடியிருந்தவர்கள் முன்பே வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். பழைய கட்டிடங்களை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலைக்கு அதன் பிறகு வேகம் கூடியது. கட்டத்தான் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால், புதிய கட்டிடங்கள் உயரமானவை. நான்கு தளக் கட்டிடத்தில் நான்கு வீடுகளுக்கு ஒரு வீட்டளவு மொட்டைமாடி கிடைக்கும். பத்துத் தளமானால் அதே மாடியைப் பத்து வீடுகள் பங்கிட வேண்டும். ஒரு கட்டிடத்தின் நிழல் அடுத்த கட்டிடத்தின் ஜன்னலில் விழுவது இதற்கு மேல். வருங்கால வடசென்னைக் குடும்பத்துக்குச் செடி வைக்க இருக்கப்போவது ஜன்னலும், சின்ன பால்கனியும், நடைக்கூடத்தின் ஓரமும்தான். தொகுப்பை வடிவமைப்பவர்கள் இனி இந்த இடங்களைக் கணக்கில் வைத்தாக வேண்டும்.

அப்படிப்பட்ட வீட்டில் வெளிச்சம்தான் நிலம். எந்தப் பக்கம், எந்த மாதம், எத்தனை மணி நேரம் என்று பார்த்த பிறகே செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இணையத்திலும் இறக்குமதிப் புத்தகங்களிலும் ‘தெற்கு ஜன்னலில் எப்போதும் வெயில், வடக்கு ஜன்னலில் எப்போதும் நிழல்’ என்று எழுதியிருப்பார்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வருகிறது. அதன் பிறகு வடக்கே சாய்ந்து, ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி உச்சியைக் கடந்து தெற்கே திரும்புகிறது. அதாவது, சித்திரை நடுவிலிருந்து ஆடி முடியும்வரை வடக்குப் பார்த்த பால்கனிக்குக் காலையிலும் மாலையிலும் சாய்வெயில் உண்டு. அந்த மாதங்களில் தெற்குப் பால்கனிக்குள் நேர் வெயில் நுழைவது அரிது. மார்கழியில் நிலைமை தலைகீழ். நண்பகல் சூரியனே ஏறத்தாழ 53 பாகை உயரத்தில்தான் நிற்கும். தெற்கு ஜன்னல் வழியே வெயில் வீட்டுக்குள் வரை நீளும். ஆண்டு முழுவதும் தொட்டியை ஒரே இடத்தில் வைத்துவிட்டு, ஆனியில் செடி வாடுகிறதே என்று கவலைப்படுபவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: பருவத்துக்கு ஒருமுறை தொட்டியை நகர்த்துங்கள்.

கிழக்குப் பக்கம் கிடைத்தவர் கொடுத்து வைத்தவர். எதிர்க் கட்டிடம் மறைக்காவிட்டால், மூன்று நான்கு மணி நேரக் காலை வெயிலில் துளசி, வெந்தயக் கீரை, சிறுகீரை எல்லாம் வரும். மிளகாய்கூடக் கொஞ்சம் காய்க்கும். மேற்குப் பக்கம் கத்திரி வெயிலில் சுவரே அனல் கக்கும். அங்கே மென்மையான இலைச் செடிகளை வைத்தால் கருகும். சோற்றுக் கற்றாழை தாங்கும், மற்றவற்றுக்கு ஒரு துண்டு நிழல்வலை கட்ட வேண்டும்.

வீட்டுக்குள் வெளிச்சத்தை மதிப்பிடுவதில் நம் கண் நம்மை ஏமாற்றும். உச்சி வெயிலில் திறந்தவெளியின் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் அளவில் இருக்கும். அடுக்குமாடி ஜன்னலை ஒட்டி அது சில ஆயிரமாகக் குறையும். இரண்டு மீட்டர் உள்ளே சில நூறுதான். நமக்கு அந்த மூலையிலும் பத்திரிகை படிக்க முடிகிறது. செடிக்கோ அது பட்டினி. கருவி இல்லாதவர்கள் நண்பகலில் விளக்கை அணைத்துவிட்டு, செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, ஓரடி உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். விரல்கள் தெளிவாக நிழலாக விழுந்தால் பூச்செடிக்கும் கீரைக்கும் முயலலாம். கலங்கலான நிழல் என்றால் நிழல் தாங்கும் இலைச் செடிகள். நிழலே விழவில்லை என்றால் அங்கே செடி வேண்டாம், நாற்காலியைப் போடுங்கள்.

நிழலில் வளரும் பயிர் நமக்குப் புதிதா என்ன? அகத்தி நிழலில் வெற்றிலைக் கொடிக்கால் போடுகிறோம். தென்னந்தோப்பில் மஞ்சளும் இஞ்சியும் ஊடுபயிர். ஏற்காட்டில் சில்வர் ஓக் நிழலில் காபி. இந்தக் கொல்லை அறிவைத்தான் பால்கனிக்குக் கொண்டுபோக வேண்டும். நேர் வெயில் இல்லாத, ஆனால் வெளிச்சமான பால்கனிக்கு வெற்றிலை, புதினா, கற்பூரவல்லி, ரம்பை போதும். ரசத்துக்கும் கஷாயத்துக்கும் ஆகும். வீட்டுக்குள் ஜன்னலோரம் மணி பிளான்ட். அதைவிட மங்கலான இடத்தையும் நம் மருள் செடியின் உறவான பாம்புக் கற்றாழையும் ஸீஸீ செடியும் பொறுத்துக்கொள்ளும். பொறுத்துக்கொள்ளும் என்றால் சாகாது என்று பொருள், செழிக்கும் என்று அல்ல. குரோட்டன்ஸை உள்ளே வைத்தால் வண்ணம் போய்ப் பச்சையாகிவிடும். தண்டு நெடுநெடுவென்று நீண்டு, இலை சிறுத்து, ஜன்னல் பக்கமே சாய்ந்தால், அது உரம் கேட்கவில்லை, வெளிச்சம் கேட்கிறது.

வெளிச்சம் குறைந்த இடத்தில் தண்ணீரும் குறைய வேண்டும். வெயிலில் நிற்கும் செடிக்கு ஊற்றும் அளவை நிழலில் நிற்பதற்கு ஊற்றினால் வேர் அழுகும். விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவது போதும். தொட்டியின் அடித்தட்டிலும் மணி பிளான்ட் பாட்டிலிலும் தேங்கும் நீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறை தவறாமல் கொட்டி, பாட்டிலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஜன்னல் கம்பிக்கு வெளியே தொட்டியைத் தொங்கவிடும் பழக்கத்தைத் தயவுசெய்து ஊக்குவிக்காதீர்கள். கீழே குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

வடசென்னையில் செடி விற்பவர்கள் அடிக்கடி சொல்வது ‘காற்றைச் சுத்தம் செய்யும் செடி’ என்பது. ஒரு பக்கம் மணலி ஆலைகள், மறுபக்கம் கொடுங்கையூர் குப்பைமேடு. நடுவில் வாழ்பவர்களிடம் இந்த வார்த்தை விலைபோவதில் வியப்பில்லை. இதன் மூலம், 1989இல் நாசா மூடிய கண்ணாடிக் கூண்டுகளில் செய்த சோதனை. இப்படிப்பட்ட சோதனைகளை 2019இல் மறு ஆய்வு செய்தவர்கள், சாதாரண அறையில் ஜன்னல் வழியே மாறும் காற்றுக்கு ஈடாகச் செடிகள் வேலை செய்ய ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் தேவைப்படும் என்று கணக்கிட்டார்கள். ஆகவே, நான்கு தொட்டிகளைக் காட்டி அந்த மக்களிடம் நம்பிக்கை விற்பது நியாயமல்ல. உண்மையில் அங்கே காற்றால் பாதிக்கப்படுவது செடிதான். இலைமேல் படியும் தூசு இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் மறைக்கும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போதும். குப்பைமேட்டிலிருந்து வரும் மண்ணில் கீரை மட்டும் போடாதீர்கள். கன உலோகங்கள் இலைக்கு வரும்.

ஜன்னலே உதவாத வீட்டுக்குச் சாதாரண வெள்ளை எல்இடி விளக்கு ஒரு வழி. 10 வாட் விளக்கைச் செடிக்கு ஓரடி மேலே தினமும் 12 மணி நேரம் எரித்தால் மாதம் 3.6 யூனிட்தான் ஆகும். புதினாவுக்கும் முளைக்கீரைத் தட்டுக்கும் சரி, தக்காளி காய்க்காது.

நாற்றங்கால் நடத்தும் விவசாயிகளுக்கு இதில் நேரடி வேலை இருக்கிறது. ஆந்திரத்தின் கடியத்திலிருந்தும் செங்குன்றம், மாதவரம் பகுதிகளிலிருந்தும் சென்னைக்கு வரும் செடிகள் பெரும்பாலும் நல்ல வெளிச்சத்தில் வளர்ந்தவை. நேராக அடுக்குமாடிக்குப் போனால் ஃபைகஸ் போன்றவை ஒரே வாரத்தில் இலையைக் கொட்டும். வாங்கியவர் தன் கைராசியை நொந்துகொண்டு அடுத்த செடி வாங்கமாட்டார், இழப்பு உங்களுக்கு. வீட்டுக்குள் போகும் செடிகளை விற்பனைக்கு முன் மூன்று நான்கு வாரம் 75 சதவீத நிழல்வலைக்குள் பழக்குங்கள். ஒவ்வொரு தொட்டியிலும் ‘நேர் வெயில்’, ‘காலை வெயில்’, ‘ஜன்னலோரம்’ என்று தமிழில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்.

தோட்டக்கலை அலுவலர்கள் பயனாளியின் பதிவில் ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும்: உங்கள் வீட்டில் வெயில் எந்தப் பக்கம், எத்தனை மணி நேரம் வருகிறது? அரை நாள் வெயில் உள்ளவருக்கு இப்போதைய காய்கறித் தளை. மற்றவருக்கு ஆறு பைகளுக்குப் பதில் இரண்டு நீள்தொட்டி, வெற்றிலைக் கொடி, புதினா, கற்பூரவல்லிக் குச்சிகள், கீரை விதை. செலவு கூடாது. தேசியக் கட்டிட விதித்தொகுப்பு ஈரமும் வெப்பமும் மிகுந்த ஊர்களில் அறைத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்கிறது. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. புதிய குடியிருப்பு ஒதுக்கப்படும் நாளிலேயே ஓர் அலுவலர் அந்த இருபது சதுர அடி எந்தத் திசையைப் பார்க்கிறது என்று குறித்துக்கொண்டால், அடுத்த தொகுப்பில் எந்த வீட்டுக்கு எந்த விதை என்பதை அங்கேயே முடிவு செய்துவிடலாம்.