‘நோ’ என்று எழுதினால் நார்வே காணாமல் போகும்! கான்ஃபிக் ஃபைல்களுக்கு மாற்று வருமா?

2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை. இந்திய நேரப்படி மாலை 5 மணிக்குச் சற்று முன்பு சாட்ஜிபிடி தடுமாறியது, எக்ஸ் தளமும் திறக்கவில்லை. ஏராளமான இணையதளங்களுக்கு முன்னால் வாட்ச்மேன் போல நிற்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் கட்டமைப்பு முடங்கியதுதான் காரணம். பெரிய சைபர் தாக்குதலோ என்று முதலில் அந்நிறுவனமே சந்தேகப்பட்டது.

கடைசியில் பார்த்தால், வில்லன் ஒரு ஃபைல். வருவது மனிதரா, தானியங்கி பாட்டா என்று கண்டுபிடிக்க உதவும் கான்ஃபிக் ஃபைல் அது. டேட்டாபேஸ் அனுமதியில் செய்த ஒரு மாற்றத்தால் அதில் ஒரே விவரங்கள் திரும்பவும் விழுந்து, ஃபைல் இரண்டு மடங்காகிவிட்டது. அதைப் படிக்கும் புரோகிராம் 200 அம்சங்களுக்கு மேல் ஏற்காது. வரம்பு மீறியதும் அப்படியே நின்றுபோனது.

புரோகிராமை மாற்றினால் டெஸ்டிங், ரிவ்யூ என்று பல கட்டங்களைத் தாண்ட வேண்டும். ‘வெறும் செட்டிங்ஸ்தானே’ என்று கருதப்படும் கான்ஃபிக் ஃபைலுக்குப் பல இடங்களில் அந்தக் கெடுபிடி கிடையாது. அது வேறு மொழியில் எழுதப்பட்டால் இந்த நிலைமை மாறும் என்கிறது ஒரு தரப்பு.

கான்ஃபிக் ஃபைலில் என்னதான் இருக்கிறது?

ஓர் ஆப் எந்த சர்வரோடு பேச வேண்டும், எத்தனை பிரதிகள் ஓட வேண்டும், பதில் வராவிட்டால் எத்தனை நொடி காத்திருக்க வேண்டும்? இவற்றை புரோகிராமுக்குள் எழுதாமல் தனி ஃபைலில் வைப்பார்கள். பெரும்பாலும் ஜேசன் அல்லது யாமல் வடிவத்தில். இரண்டுமே படிக்க எளிது. ஆனால் இரண்டும் வெறும் பட்டியல்கள். எழுதியது சரியா, தப்பா என்று அவற்றுக்குத் தெரியாது.

யாமலின் பிரபலமான ‘நார்வே சிக்கலை’ எடுத்துக்கொள்வோம். நாடுகளின் இரண்டெழுத்துக் குறியீட்டில் இந்தியாவுக்கு ‘ஐ.என்.’, நார்வேக்கு ‘என்.ஓ.’. பழைய யாமல் 1.1 விதிப்படி மேற்கோள் குறி இல்லாமல் ‘நோ’ என்று எழுதினால், அது ‘இல்லை’ என்ற பொய் மதிப்பாக மாறிவிடும். நாடுகளின் பட்டியலில் நார்வே இருக்காது, அந்த இடத்தில் ‘ஃபால்ஸ்’ உட்கார்ந்திருக்கும். பைத்தான் 3.10 வேண்டும் என்று எழுதினால், தசம எண்ணாக எடுத்துக்கொண்டு 3.1 ஆக்கிவிடும். 2009-ல் வந்த 1.2 பதிப்பு நார்வே விஷயத்தைச் சரிசெய்தது. ஆனால் பைத்தான்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் பையாமல் போன்ற நூலகங்கள் இன்னும் பழைய விதியில்தான் ஓடுகின்றன.

மேற்கோள் குறி போட்டா முடிஞ்சுது, உண்மைதான். போட மறந்தால் யாரும் எச்சரிக்க மாட்டார்கள் என்பதுதான் தலைவலி.

அடுத்தது காப்பி-பேஸ்ட். குபர்னெட்டீஸில் ஓடும் ஒரு சேவைக்கே பல யாமல் ஃபைல்கள் தேவைப்படும். டெஸ்டிங், ஸ்டேஜிங், புரொடக்‌ஷன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் எடுத்தால், ஓரிடத்தில் திருத்தியதை இன்னோரிடத்தில் விட்டுவிடுவார்கள். இதற்காக வந்த ஹெல்ம் போன்ற கருவிகள் யாமலை வெறும் எழுத்துகளாகப் பார்த்து ஒட்டுகின்றன. எத்தனை ஸ்பேஸ் தள்ள வேண்டும் என்பதைக்கூட டெம்ப்ளேட்டிலேயே எழுத வேண்டும். ஸ்பேஸ் எண்ணவா பி.இ. படிச்சோம் என்று யாராவது புலம்பினால் தப்பில்லை.

ஆப்பிள் போட்ட ஊறுகாய்

2024 பிப்ரவரியில் ஆப்பிள் ஒரு கான்ஃபிக் மொழியை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. எழுதுவது ‘பி.கே.எல்.’, உச்சரிப்பு ‘பிக்கிள்’. இதில் போர்ட் எண் 0 முதல் 65535-க்குள் இருக்க வேண்டும் என்று விதியை எழுதி வைக்கலாம். யாராவது 70000 என்று போட்டால், சர்வருக்குப் போகும் முன்பே பிழை காட்டும். பொதுவான அமைப்பை ஒருமுறை எழுதி, ஸ்டேஜிங்குக்கு மாறும் இரண்டு வரியை மட்டும் தனியாகத் தரலாம். இறுதியில் அதுவே யாமலாகவோ ஜேசனாகவோ மாற்றிக் கொடுத்துவிடும். எனவே குபர்னெட்டீஸ் பக்கம் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இது புது யோசனை இல்லை. கூகுளில் பிறந்த ஜேசானெட் 2014-லேயே வந்துவிட்டது. ஆனால் அடிப்படை அமைப்பின் மேல் ஒருவர் மாற்றி எழுத, அதன் மேல் இன்னொருவர் மாற்றி எழுத, கடைசியில் இந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்று நான்கைந்து ஃபைல்களைத் துழாவ வேண்டியிருக்கும். கூகுளில் கான்ஃபிக் மொழி வேலையில் இருந்த மார்செல் வான் லோஹூய்சன் உருவாக்கிய ‘கியூ’ இதில் வேறு பாதை எடுத்தது. ஒருவர் ‘10-க்குள் இருக்க வேண்டும்’ என்றால் இன்னொருவர் ‘5’ என்று இறுக்கலாம். ‘20’ என்று போட்டால் பிழை வரும். சத்தமில்லாமல் மாற்றி எழுத வழியே இல்லை. பல அணிகள் ஒரே கான்ஃபிக்கைத் தொடும் நிறுவனத்துக்கு இதுவே பொருத்தம்.

சரி, பைத்தானிலேயே எழுதிட்டா என்ன? எழுதலாம். ஆனால் பைத்தான் நெட்வொர்க்கைத் தொடலாம், முடிவில்லா லூப்பில் மாட்டலாம், இன்றைக்கு ஒன்றும் நாளைக்கு ஒன்றும் விடை தரலாம். கான்ஃபிக் அப்படி இருக்கக் கூடாது. அதனால்தான் பேஸல் கருவியில் உள்ள ஸ்டார்லார்க், பார்க்க பைத்தான் மாதிரி இருந்தாலும் ‘வைல்’ லூப்பைத் தருவதில்லை. ‘தால்’ என்ற மொழி இன்னும் கறார். அதில் எழுதிய கான்ஃபிக் ஓடி முடிந்தே தீரும்.

இது இருந்தால் முடக்கம் வராதா?

அப்படிச் சொல்ல முடியாது. 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்டிரைக்கின் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டின. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அதுவும் ஒரு கான்ஃபிக் ஃபைல் வகையறாதான். 21 விவரங்கள் எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் புரோகிராம் 20 மட்டுமே தந்தது. அந்த நிறுவனத்திடம் சரிபார்க்கும் கருவி இருந்தது, ஆனால் அதுவும் 21 என்றே நம்பியது. தப்பான விதியை எழுதினால் எந்த மொழியும் காப்பாற்றாது. ஒரே நேரத்தில் எல்லோருக்கும் அனுப்பாமல் படிப்படியாக அனுப்பியிருந்தால் சேதம் குறைந்திருக்கும்.

கிளவுட்ஃப்ளேர் ஃபைலை எழுதியதும் மனிதர் அல்ல, இயந்திரம். ஆனாலும் ‘200-க்கு மேல் கூடாது’ என்ற விதி ஃபைலின் வாசலிலேயே இருந்திருந்தால், புதியதை நிராகரித்துப் பழைய ஃபைலிலேயே ஓட்டியிருக்கலாம். இனி தங்கள் சொந்த கான்ஃபிக் ஃபைல்களையும் வெளியாள் தரும் தகவல் போலவே சோதிப்போம் என்று அந்நிறுவனம் பின்னர் அறிவித்தது.

செலவும் உண்டு. நள்ளிரவு 2 மணிக்கு சர்வர் விழுந்தால், டியூட்டியில் இருப்பவருக்கு யாமல் படிக்கத் தெரியும். பிக்கிளோ கியூவோ தெரியுமா? அணியில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த மொழி, அவர் நோட்டீஸ் பீரியடில் போகும்போது சுமையாகிவிடும். இரண்டு மூன்று ஃபைல்களோடு ஓடும் சின்ன ஸ்டார்ட்-அப்புக்கு யாமலும் ஒரு ஜேசன் ஸ்கீமாவும் தாராளம். ஒரே சேவையைப் பத்து இடங்களில் ஓட்டுபவர்கள்தான் யோசிக்க வேண்டும். அவர்களும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. இருக்கும் யாமல் ஃபைலைத் தொடாமல், விதிகளை மட்டும் கியூவில் எழுதி, அதன் ‘வெட்’ கட்டளையால் சோதிக்க முடியும்.