குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம்

ராசிபுரம் பக்கம் ஒரு காலனி. பிறந்து நான்காம் நாளே ஆண் குழந்தைக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடிய ஆஸ்பத்திரியில் தாயிடம் இரண்டே கேள்விகள்: "சொந்தத்துல கட்டுனியா?" "என்ன பச்சிலை அரைச்சு ஊத்துன?" குழந்தைக்கு ஜி6பிடி பார்த்தாச்சா என்று யாரும் கேட்கவில்லை. சேலம், நாமக்கல் பக்கம் நாங்கள் போகிற காலனிகளில் இதே கதையை வேறு அம்மாக்களும் சொல்லியிருக்கிறார்கள்.

ஜி6பிடி என்பது ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி. பிறவியிலேயே அது குறைந்தவர்களுக்குச் சில பொருட்கள் பட்டால் அணுக்கள் உடையும். மலேரியாவுக்குத் தரும் பிரிமாகுயின் ஒன்று. துணிக்குள் போடும் பாச்சை உருண்டை இன்னொன்று. மருதாணியும்தான், தோலில் பூசியதாலேயே உயிருக்கு ஆபத்தாகும் அளவு ரத்தம் உடைந்த குழந்தைகளைப் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவு உண்டு. மற்றக் குழந்தைக்கு அழகாகச் சிவக்கும் அதே இலை! எந்தக் குழந்தைக்கு ஆகாது என்பதைச் சோதனைதான் சொல்லும். குதிகாலில் ஒரு குத்து, தாளில் சில சொட்டு ரத்தம், அவ்வளவுதான். கேரளத்தில் அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்கு இதை இலவசமாகவே செய்கிறார்கள்.

நாட்டு மருந்துக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. குழந்தையின் நாக்கில் தடவும் வசம்பில் பீட்டா அசரோன் இருக்கிறது. அதனால் 1968லேயே வசம்பை உணவில் சேர்க்க அமெரிக்கா தடை விதித்தது. இதை அம்மாக்களிடம் நாங்களே சொல்கிறோம். ஆனால் பழைய நூலில் உள்ள சித்த, ஆயுர்வேத மருந்தை அதே முறையில் செய்து விற்கும் கம்பெனியிடம், மருந்து விதி 158-பி பொதுவாகத் தனியே பாதுகாப்பு ஆய்வு கேட்பதில்லை. பாட்டிலில் அடைத்தால் பாரம்பரியம், எங்கள் பாட்டி அரைத்தால் அறியாமையா?

அடுத்து, சொந்தம். சொந்தத்தில் கட்டினால் சில பிறவி நோய்கள் கூடும், மறுக்கவில்லை. ஆனால் ஜி6பிடி குறைபாடு தாயின் எக்ஸ் குரோமோசோம் வழியாக மகனுக்கு வருவது. அத்தை மகனைக் கட்டினாலும் அசலில் கட்டினாலும் மகனுக்கு உள்ள வாய்ப்பு அதேதான். (இதையும் தாய்மேல் பழியாக்கிவிடாதீர்கள்.)

அதுசரி, சொந்தத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் சாதிக்குள்ளேயே கட்டுவதைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை? அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று 1916இல் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையிலேயே அம்பேத்கர் காட்டிவிட்டார். ஆரிய வைசியர்களிடையே ஒரு நொதிக் குறைபாடு அதிகம். அறுவை சிகிச்சையில் தசை தளரப் போடும் சக்சினைல்கோலின் ஊசியின் வேகம் அவர்களுக்கு எளிதில் இறங்காது. இப்படிப்பட்ட நோய்களை நூற்றாண்டுகளாகத் தொடரும் அகமணத்தோடு சேர்த்து 2017இல் மரபணு ஆய்வாளர்கள் எழுதினார்கள். வட்டத்தைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த மண்ணில் சாட்சி தேட வேண்டியதில்லை. 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலில் வேறு சாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ், மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார்.

தோழர்களே, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குக் கலெக்டர் ஆபீஸ் போகிறவர்கள் பட்டா மனுவோடு இதையும் வையுங்கள்: அரசு மருத்துவமனையில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், வீட்டுக்கு அனுப்பும் முன் குதிகால் ரத்தச் சோதனை. முடிவு தாயின் கையில், தமிழில், ஆகாத மருந்து, இலை, பொருட்களின் பெயர்களோடு.