குதிரைவலு: சொல்வது எவ்வளவு, வீதியில் கிடைப்பது எவ்வளவு?



வவுனியாவில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன் நான். வாகன சாமானோடு வள்ள எஞ்சின் சாமானும் விற்பதால், மீன்பிடிப் பருவத்தில் முல்லைத்தீவு, அளம்பில், செம்மலை வழியாக நாயாற்று வாடிகளுக்குப் போய் வருவது வழக்கம். கடனை வசூலிப்பதும் புதிய ஓடரை எழுதிக்கொள்வதும் அங்கேதான்.

நாயாற்றுக் கரையில் நான் கவனித்த ஒரு விடயம் உண்டு. வள்ளங்களின் பின்னால் தொங்கும் எஞ்சின்களின் மூடியில் 15, 25, 40 என்று குதிரைவலு பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் எந்தச் சம்மாட்டியும் அந்த எண்ணைச் சொல்லிப் பெருமை பேசுவதில்லை. "ஒரு தொழிலுக்கு எத்தனை லீற்றர் குடிக்குது?" என்பதுதான் அவர்களின் கேள்வி. 2022 ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறிய நாளை அவர்கள் மறக்கவில்லை.

சென்ற பருவத்தில் அங்கே ஒரு இளம் வியாபாரியைச் சந்தித்தேன். களப்பு நண்டை வாங்கி, ரெஜிபோம் பெட்டியில் அடுக்கி, தன்னுடைய பழைய கொரொல்லா வேகனில் வவுனியாவுக்குக் கொண்டுபோகிறவர். என்னைக் கண்டதும் ஓடி வந்தார்.

"மாமா, பஞ்சிகாவத்தையில ஒரு டுவென்டி வால்வ் எஞ்சின் பார்த்து வச்சிருக்கன். கொஞ்சம் வேலை செஞ்சா இருநூறு குதிரை வருமாம், டர்போ ஒண்டும் தேவல்லயாம் எண்டு கராஜ் பாஸ் சொல்றாரு. போடவா?"

பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த சம்மாட்டி தலை நிமிராமலே கேட்டார்: "ஏன் தம்பி, நண்டு நடந்து போயிடுமெண்டு பயமோ?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்வி சிரித்துவிட்டு விடக்கூடியதல்ல. அவரிடம் இருந்தது இரண்டு பருவம் உழைத்துச் சேர்த்த காசு. அவரைப்போல் எத்தனையோ இளைஞர்கள் இன்று இதே கேள்வியோடு கடைகளுக்கு வருகிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் பழைய வாகனத்துக்கு வேறு எஞ்சின் போடும் வேலை பெருகிவிட்டது. அதனோடு கூடவே குதிரைவலுவைப் பற்றிய கட்டுக்கதைகளும் பெருகிவிட்டன.

குதிரைவலு ஓர் அளவை

கிலோ, முழம், லீற்றர் போல குதிரைவலுவும் ஓர் அளவைதான். 75 கிலோ பாரத்தை ஒரு செக்கனில் ஒரு மீற்றர் உயரம் தூக்கினால் அது ஒரு குதிரை. ஜப்பான்காரர் தம் வாகனங்களுக்குச் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

அளவை என்றால் எந்த இடத்தில் நிறுத்தோம் என்பது முக்கியம். வள்ளத்துக்குப் போடும் இன்றைய வெளியிணைப்பு எஞ்சினின் குதிரை, விசிறி பூட்டும் தண்டில் அளக்கப்படுவது. கார் எஞ்சினின் குதிரையோ கிராங்க் தண்டில் அளக்கப்படுவது. அது கியர் பெட்டியைக் கடந்து ரயருக்கு வரும்போது நூற்றுக்குப் பத்துப் பதினைந்து வழியிலேயே போய்விடும். 165 என்று எழுதிய எஞ்சின் ரயரில் 140 காட்டினால் அது நல்ல எஞ்சின்.

அளக்கும் முறை மாறினாலும் எண் மாறும். 1983இல் டொயோட்டா ஏஈ 86 காரில் வந்த 4ஏ-ஜீஈ எஞ்சினுக்கு 130 குதிரை என்றார்கள். அது எஞ்சினைத் தனியே மேசையில் வைத்து அளந்த மொத்தக் கணக்கு. பின்பு வாகனத்தில் பூட்டிய நிலைக்குரிய நிகரக் கணக்குக்கு மாறியபோது அதே வகை எஞ்சின் 120 ஆயிற்று. எஞ்சின் பலவீனப்படவில்லை, தராசுதான் சரியாயிற்று.

அந்தக் குதிரைகள் எங்கே நிற்கின்றன?

டர்போ இல்லாத எஞ்சின் தன் சொந்த மூச்சில் ஓடுவது. வெளியே இருக்கும் காற்றழுத்தம் எவ்வளவோ அவ்வளவுதான் சிலிண்டருக்குள் போகும். டர்போ காற்றை அமுக்கித் திணிக்கும். அதனால்தான் டர்போ எஞ்சின் சிறிய உடம்பில் பெரிய வேலை செய்கிறது.

சொந்த மூச்சில் ஓடும் எஞ்சினின் இழுவைக்கு ஒரு எல்லை உண்டு. டோர்க் என்று நாம் சொல்லும் அந்த இழுவை, ஒரு லீற்றர் கொள்ளளவுக்கு ஏறக்குறைய 10 கிலோ-மீற்றர் அளவிலேயே நிற்கும். எவ்வளவு திறமையான பொறியியலாளர் செய்தாலும் இது கொஞ்சந்தான் கூடும். ஆகவே குதிரையைக் கூட்ட மிச்சமிருக்கும் வழி எஞ்சினை வேகமாகச் சுழற்றுவதுதான். இழுவையைச் சுற்றால் பெருக்கி 716ஆல் வகுத்தால் குதிரை வரும். கணக்கு இவ்வளவுதான்.

இப்போது அந்தப் பிள்ளை பார்த்து வைத்த எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஏஈ 111 காரில் 1995இல் வந்த, கறுப்பு மூடி போட்ட 20 வால்வ் 4ஏ-ஜீஈ. 1.6 லீற்றர், 165 குதிரை. அந்த 165 கிடைப்பது 7800 சுற்றில். அதன் உச்ச இழுவை 16.5, அது 5600 சுற்றில். சாதாரண 1.5 லீற்றர் 5ஏ-எஃப்ஈ எஞ்சினுக்கு 100 குதிரை, உச்ச இழுவை 14. கடதாசியில் வித்தியாசம் 65 குதிரை.

வீதியில் நாம் பெரும்பாலும் ஓடுவது 3000 சுற்றுக்குக் கீழே. இரண்டு எஞ்சினும் தம் உச்ச இழுவையை 3000 சுற்றிலேயே தருவதாக வைத்துக்கொண்டாலும், ஒன்று 69 குதிரை, மற்றது 59 குதிரை. உண்மையில் இரண்டுமே அதைவிடக் குறைவாகத்தான் தரும். அறுபத்தைந்து பத்தாகச் சுருங்கிப்போகிறது! மீதிக் குதிரைகள் 6000 சுற்றுக்கு மேலே லாயத்தில் நிற்கின்றன. இரண்டாம் கியரில் 7800 சுற்றை மிதித்து அவற்றை அவிழ்த்துவிடும்போது வேகம் மணிக்கு 100 கிலோமீற்றரைத் தொட்டுவிடும். ஊர்களுக்கு வெளியே நம் வீதிகளில் காருக்குச் சட்டம் அனுமதிப்பது 70. முல்லைத்தீவு வீதிகளில் இரவில் மாடு படுத்திருக்கும், சில இடங்களில் யானையும் கடக்கும். சமதரையில் ஒரு கொரொல்லா 70, 80இல் போக உண்மையில் தேவைப்படுவது 10 முதல் 15 குதிரைதான்.

தொழிற்சாலையே நின்ற எல்லை

"கொஞ்சம் வேலை செய்தால் இருநூறு" என்ற பேச்சுக்கு வருவோம். ஹொண்டா 1997இல் சிவிக் டைப் ஆர் காருக்குச் செய்த 1.6 லீற்றர் பீ16பீ எஞ்சின் 185 குதிரை, 8200 சுற்றில். 1999இல் எஸ் 2000 காருக்குச் செய்த 2 லீற்றர் எஃப்20சீ எஞ்சின் 250 குதிரை, 8300 சுற்றில். டர்போ இல்லாமல் விற்பனைக்கு விட்ட வீதி வாகனங்களில் இவை உலகமே வியந்தவை. அவர்களே 1.6 லீற்றரில் 185இல் நின்றார்கள் என்றால், முப்பது வருடம் ஓடிய எஞ்சினில் ஒரு சிறிய கராஜ் எப்படி 200 எடுக்கும்? பந்தயத்துக்கு எடுக்கலாம். கெம் மாற்றி, பிஸ்டன் மாற்றி, ஹெட்டைக் குடைந்து எடுக்கலாம். ஆனால் பெரிய கெம் போட்டால் மேல் சுற்றில் கிடைப்பது கீழ்ச் சுற்றில் போகும். ஐட்லில் நிற்காது, சந்தியில் திணறும், பெற்றோல் குடிக்கும்.

வீதிக்கு ஒத்த வேலை என்றால் நல்ல எக்ஸோஸ்ட் ஹெடர், தடையில்லாத காற்றுப் பாதை, சரியான டியூனிங். எல்லாம் பொருந்தி வந்தால் நூற்றுக்குப் பத்து அளவில் கூடும். அதற்கு மேல் சொல்கிறவரிடம் ரோலரில் அளந்த கடதாசியைக் கேளுங்கள்.

பெற்றோலும் காற்றும்

அந்தக் கறுப்பு மூடி எஞ்சினின் கொம்பிரஷன் 11க்கு 1. ஜப்பானில் ஹை-ஒக்டேன் என்று விற்கும் பெற்றோல் 100 ஒக்டேன் அளவுக்கு வரும். அதை நம்பிச் செய்த எஞ்சின் அது. நம் நிரப்பு நிலையங்களில் பொதுவாகக் கிடைப்பது 92, 95. 92ஐ ஊற்றினால் நொக் அடிக்கும். அதைத் தவிர்க்க டைமிங்கைப் பின்னால் தள்ளவேண்டி வரும். பணம் கொடுத்து வாங்கிய குதிரைகளில் சில அங்கேயே போய்விடும்.

காற்றும் அப்படித்தான். 25 பாகையில் அளந்த எஞ்சின் 35 பாகை வெயிலில் நூற்றுக்கு மூன்றை இழக்கும். நாயாறு கடல் மட்டத்தில் இருக்கிறது, அழுத்தம் முழுதாகக் கிடைக்கும். 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிர் அதில் சிறிது திருப்பித் தரும். மிச்சம் நட்டம்தான்.

இதைச் சொல்லும்போது என்னுடைய தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். பல வருடங்களுக்கு முன் மலையகத்து வாடிக்கையாளர் ஒருவருக்கு இதே வகை எஞ்சினை "நூற்று அறுபது குதிரை" என்று சொல்லி விற்றேன். மலையேற்றத்தில் இழுக்கவில்லை என்று திரும்பி வந்தார். பூட்டிய கராஜின் பிழை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுபடியும் வந்தார். அப்போதுதான் கொம்பிரஷன் கேஜ் வைத்துப் பார்த்தேன். ஒரு சிலிண்டர் படுத்திருந்தது. விற்கும் முன் நான் அதைப் பார்க்கவேயில்லை. கட்லொக்கில் இருந்த எண்ணைச் சொல்லிவிட்டுக் காசை எண்ணினேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், ஆனால் அவர் மீண்டும் என் கடைப்படி ஏறவில்லை. அரிசியில் ஐம்பது கிராம் குறைத்தால் மோசடி என்று தெரிந்த நமக்கு, குதிரையில் ஐம்பதைக் கூட்டிச் சொல்வதும் அளவை மோசடி என்று தெரியாமல் போனது எப்படி?

தொலைந்த குதிரைகளைத் தேடுங்கள்

ஆகவே வீதிக்கு உண்மையான குதிரை வேண்டுமென்றால் முதல் வேலை புதிய குதிரை வாங்குவதல்ல, தொலைந்த குதிரைகளைக் கண்டுபிடிப்பது. சிலிண்டர்களின் கொம்பிரஷனை அளந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று நூற்றுக்குப் பத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேறு எதையும் பூட்ட முன் அதைக் கவனியுங்கள். வால்வ் கிளியரன்ஸ், டைமிங் பெல்ட்டின் பல், பிளக், இன்ஜெக்டர், எயர் ஃபில்டர், ஒக்சிஜன் சென்சர், அடைத்துப்போன எக்ஸோஸ்ட் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 20 வால்வ் எஞ்சினுக்கு நான்கு திரொட்டில் இருப்பதால் நான்கும் ஒத்துத் திறக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடும் வாகனம் எத்தனை குதிரை போட்டாலும் ஓடாது. ரயர் காற்றும் அப்படியே.

பிறகு பாரம். 1100 கிலோ காரில் 100 கிலோவைக் குறைத்தால், வேகமெடுக்கும்போது அது குதிரையை நூற்றுக்குப் பத்துக் கூட்டியதற்குச் சமம். இதற்குக் காசே வேண்டாம், டிக்கியைத் துப்புரவாக்கினால் போதும்.

வேறு எஞ்சின் போடத்தான் வேண்டுமென்றால் முதலில் பிரேக்கை அதற்கேற்ப மாற்றுங்கள். வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் இருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்தாமல், காப்புறுதிக்கு அறிவிக்காமல் ஓடினால், விபத்து நாளன்று எந்தக் குதிரையும் உங்களைத் தூக்காது.

வாடியில் போட்ட கணக்கு

அந்தப் பிள்ளையோடு வாடியிலேயே உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். நாயாற்றிலிருந்து வவுனியா நூறு கிலோமீற்றருக்கு மேல். சட்ட வேகத்தில் ஓடினால் புதிய எஞ்சின் மிச்சம் பிடித்துத் தருவது லொறியை முந்தும் இடங்களில் சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடத்தில் நண்டின் விலை ஏறப்போவதில்லை. அதே காசு கையில் இருந்தால் சம்மாட்டிக்கு ரொக்கம் கொடுத்து முதல் தெரிவு நண்டை எடுக்கலாம், இன்னும் நான்கு பெட்டி கூட ஏற்றலாம்.

"அப்ப ஆசைக்கு ஒண்டும் செய்யேலாதா மாமா?" என்று கேட்டார்.

"ஆசை தப்பில்ல மகன். ஆசைக் கணக்கையும் ஏவாரக் கணக்கையும் ஒரே கொப்பியில எழுதாதீங்க. முதல்ல இருக்கிற எஞ்சினைச் சரியாக்குங்க" என்றேன்.

வவுனியாவுக்கு வந்து என் கண்முன்னாலேயே கொம்பிரஷன் பார்த்தார். வால்வ் கிளியரன்ஸ் சரியில்லை, எக்ஸோஸ்ட் பாதி அடைத்திருந்தது, பின் பிரேக் ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது. மூன்றையும் திருத்திய செலவு அவர் வைத்திருந்த காசின் ஓரத்தைத்தான் தொட்டது. அடுத்த வாரம் வந்து, "மாமா, வேற வாகனம் மாதிரி இருக்கு" என்றார்.

ஸ்பெயார் பார்ட்ஸ் வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். எஞ்சின் விற்கும்போது கட்லொக் எண்ணோடு நிற்காதீர்கள். எத்தனை சுற்றில் அந்தக் குதிரை வரும், எந்தப் பெற்றோல் வேண்டும், இன்றைய கொம்பிரஷன் எவ்வளவு என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். ஒரு விற்பனை குறையலாம். வாடிக்கையாளர் குறையமாட்டார். வாங்கும் சகோதரர்களும் நாயாற்றுச் சம்மாட்டியைப் போல மூடியில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, வேலை எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கேட்கப் பழகுங்கள். அந்த இரண்டு கேள்விக்கும் நேரான பதில் சொல்லும் கடைதான் உங்கள் கடை.