குட்டி டிராகனைத் தத்தெடுங்க, ஆனா அதை முதலீடுன்னு சொல்லாதீங்க!

இன்னைக்குப் பேசப்போறது பங்குச்சந்தையும் இல்ல, தங்கமும் இல்ல. உலகத்துல எங்கயுமே இல்லாத மிருகங்களைப் பத்தி.

டீவியன்ட்ஆர்ட் மாதிரி தளங்கள்ல ஓவியர்கள் சொந்தமா ஒரு கற்பனை உயிரினத்தை உருவாக்குவாங்க. உதாரணத்துக்கு, நரி உடம்பு, முதுகுல காளான், வால் நுனியில விளக்குன்னு வெச்சுக்குங்க. அந்த இனத்துல ஒவ்வொரு உருவமா வரைஞ்சு விலைக்கு விடுவாங்க. அதைக் காசு கொடுத்து வாங்குறதுக்குப் பேர்தான் 'தத்தெடுப்பு'.

இதுல 'குளோஸ்டு ஸ்பீஷிஸ்'னு ஒரு வகை இருக்கு. உருவாக்கினவரும், அவர் அனுமதிச்சவங்களும் மட்டும்தான் அந்த இனத்துல புதுசா வரையலாம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் இருக்கும். மாஸ்டர்லிஸ்ட்ல உரிமையாளர்னு உங்க பேர் ஏறும். சாதாரண காது 'காமன்', இறக்கை 'ரேர்'. விலை சில டாலர்ல ஆரம்பிச்சு நூற்றுக்கணக்கான டாலர் வரைக்கும் போகும்.

பிடிச்சிருந்தா வாங்குங்க, தப்பே இல்ல. ஒரு ஓவியரோட உழைப்புக்குக் காசு போகுது, நல்ல விஷயம். "ரேர் தானே, பின்னாடி நல்ல விலைக்கு வித்துடலாம்"னு நினைக்கிற இடத்துலதான் எனக்குச் சண்டை.

லாபத்துக்குப் பூட்டு, நஷ்டத்துக்குத் திறந்த கதவு

இந்தச் சமூகங்கள்ல ரொம்பப் பரவலா இருக்கிற ஒரு விதி: வாங்கின விலையை விட அதிகமா விக்கக் கூடாது. கூடுதலா படம் வரைய வெச்சிருந்தா மட்டும் அந்தச் செலவைச் சேர்த்துக்கலாம். அதாவது 100 டாலருக்கு வாங்கினா, அதிகபட்சம் 100 டாலர்தான் திரும்ப வரும். குறைஞ்சா? அது உங்க பாடு. எந்த முதலீட்டுலயாவது இப்படி ஒரு விதியை ஒத்துக்குவீங்களா?

அடுத்தது, குழாய் யார் கையில இருக்கு? ரேர்னு சொல்றதும் அவர்தான், நாளைக்கு அதையே பத்து புதுசா விடுறதும் அவர்தான். இனத்தை எல்லாருக்கும் திறந்து விடலாம், சலிச்சுப்போய் நிறுத்தலாம், விதியை மீறினீங்கன்னு உங்களைத் தடை செய்யலாம். உங்க கையில மிஞ்சுறது ஒரு படம்.

சட்டமும் பெருசா துணைக்கு வராது. பதிப்புரிமை வரைஞ்ச படத்துக்குத்தான், 'காளான் முதுகு நரி'ங்கிற யோசனைக்கு இல்ல. படத்தோட பதிப்புரிமை உங்களுக்கு மாறணும்னா, நம்ம 1957 பதிப்புரிமைச் சட்டமும் சரி, அமெரிக்கச் சட்டமும் சரி, எழுத்துல கையெழுத்தோட இருக்கணும்னு சொல்லுது.

பிளாக்செயின்ல போட்டா மட்டும்?

அதையும் பார்த்தாச்சு. 2017 கடைசியில வந்த கிரிப்டோகிட்டீஸ் பூனைகளால எத்தேரியம் நெட்வொர்க்கே திணறுச்சு. 2018ல டிராகன்ங்கிற ஒரு பூனை 600 ஈத்தருக்குப் போச்சு. அந்த மோகம் கொஞ்ச நாள்தான். அப்புறம் ஆக்ஸி இன்ஃபினிட்டி. கொரோனா காலத்துல பிலிப்பைன்ஸ்ல பலர் இதை விளையாடியே வருமானம் பார்த்தாங்க. விளையாட்டுல கிடைக்கிற டோக்கன் விலை சரிஞ்சதும் அந்த வருமானமும் கரைஞ்சது. 2022 மார்ச்ல அதோட ரோனின் நெட்வொர்க்குல 600 மில்லியன் டாலருக்கு மேல திருட்டுப் போச்சு. நம்ம ஊர்ல இந்த மாதிரி டிஜிட்டல் சொத்து லாபத்துக்கு 2022 ஏப்ரல்ல இருந்து 30 சதவீத வரி வேற. நஷ்டத்தை எதுலயும் கழிக்கவும் முடியாது.

உண்மையான விலை என்ன?

150 டாலர் உருவம்னு வைங்க. கணக்குக்கு ஒரு டாலர் 85 ரூபாய். 12,750 ரூபாய். கார்டுல 3.5 சதவீத மார்க்கப்னா 446 ரூபாய், அதுக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டி 80 ரூபாய். மொத்தம் சுமார் 13,276. திருப்பி வித்தாலும் இந்த 526 ரூபாய் வரவே வராது. கார்டு பில்லைக் கட்டாம தள்ளிப்போட்டா வட்டி மாசாமாசம் ஏறும். தவணையில தர்றேன்னு ஓவியர்கள் சொல்றதும் உண்டு. சம்பளம் வர்றதுக்கு முன்னாடியே சம்பளத்தைச் செலவு பண்ற பழக்கம் அங்கதான் ஆரம்பிக்கும்.

அப்போ என்ன பண்ணலாம்?

* சினிமா, ஹோட்டல் மாதிரி பொழுதுபோக்குக் கணக்குல இருந்து மட்டும் வாங்குங்க. எஸ்ஐபி, அவசர நிதி, இஎம்ஐ போனதுக்கு அப்புறம்.
* "இது நாளைக்கு பூஜ்யம் ஆனாலும் எனக்குச் சந்தோஷம்தானா?"ன்னு கேளுங்க. ஆமான்னா வாங்குங்க.
* ஒரு வாரம் காத்திருங்க. "இன்னும் ஒரு மணி நேரம்தான்"னு ஏலம் அவசரப்படுத்தினா, அந்த ஒண்ணை விட்டுடுங்க.
* விதிகளை முழுசா படிங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

ஆசைக்கு வாங்குறது வேற, லாபத்துக்கு வாங்குறது வேற. ரெண்டையும் ஒரே பர்ஸ்ல போட்டாதான் பிரச்சனை. உங்க பொழுதுபோக்கு பட்ஜெட் மாசம் எவ்வளவு? கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்த வீடியோல பேசலாம்.