‘தொலைநகல் வந்து சேரவில்லை’

2018 நவம்பர் 21 அன்று ஜம்மு காஷ்மீரில் நடந்ததைப் பலரும் ஒரு நகைச்சுவைத் துணுக்காகவே நினைவில் வைத்திருக்கின்றனர். 56 உறுப்பினர்களின் ஆதரவு இருப்பதாகக் கூறி, ஆட்சியமைக்க உரிமை கோரும் கடிதத்தை ஆளுநர் மாளிகைக்குத் தொலைநகலில் அனுப்ப முயன்றார் மெஹபூபா முஃப்தி. கடிதம் சேரவில்லை, தொலைபேசியிலும் ஆள் கிடைக்கவில்லை என்று அவர் அறிவித்தார். அன்றிரவே ஆளுநர் சத்யபால் மாலிக் பேரவையைக் கலைத்தார். அங்கு அடுத்த பேரவைத் தேர்தல் நடந்தது 2024இல். அதற்குள் மாநிலமே ஒன்றியப் பிரதேசமாகிவிட்டிருந்தது.

மீலாது விடுமுறையில் தொலைநகலைக் கவனிக்க ஆளில்லை என்பது ஆளுநர் தந்த விளக்கம். கடிதம் வந்திருந்தாலும் தம் முடிவு மாறியிராது என்றும் அவரே சொன்னார். அப்படியாயின் எந்திரத்தைச் சாட்சிக்கு அழைப்பானேன்?

தாளும் மின்சாரமும் இருந்தால் தொலைநகல் எந்திரம் தானே அழைப்பை எடுக்கும், தானே அச்சிடும். ஆள் வேண்டியது படிப்பதற்கு மட்டுமே. அவரும் விடுப்பில் என்றால், அழைப்பை அவர் இருக்குமிடத்துக்குத் திருப்பிவிடலாம். அனுப்பும் எந்திரம் எழுப்பும் 1100 ஹெர்ட்ஸ் ஒலியை அடையாளங்கண்டு, அவ்வழைப்பைத் தொலைநகலுக்குரிய எக்ஸ்டென்ஷனுக்கு மாற்றும் வசதி அலுவலக இணைப்பகங்கள் பலவற்றில் நெடுங்காலமாக உண்டு. அங்கிருந்து வெளி எண் ஒன்றுக்கு அனுப்புவது சில பொத்தான்களின் வேலை. உள்ளே வர ஒன்றும் வெளியே செல்ல ஒன்றுமாக இரண்டு தடங்கள் பிடிக்கும், அவ்வளவே. இடையில் இணையத்தடம் குறுக்கிட்டு, மனிதப் பேச்சுக்கென்று வகுத்த முறையில் ஒலியைச் சுருக்கினால் பக்கம் சிதையக்கூடும். அதற்கும் டி.38 என்னும் நெறிமுறை 1998இலேயே வந்துவிட்டது.

வெளி எண்ணுக்குத் திருப்பினால் இரகசியம் என்னாவது என்பர். நியாயமான கேள்விதான். அனுப்புநருக்குக் கிடைக்கும் உறுதிச்சீட்டு, ஏதோவோர் எந்திரம் பக்கத்தை வாங்கிக்கொண்டது என்றுதான் சொல்லும். யார் மேசையில் விழுந்தது என்று சொல்லாது. எனவே திருப்பும் எண்ணும் அங்கே பணியிலிருப்பவர் பெயரும் முறைப்படி பதிவாக வேண்டும். அலுவலகங்கள் அஞ்சுவது இரகசியக் கசிவுக்கன்று, இந்தப் பதிவுக்கே என்பது என் ஐயம்.

ஆஸ்டினைப் படித்த மொழியியல் மாணவர்க்கு இது புதிதன்று. கோரிக்கை என்பது சொன்னதால் மட்டும் நிறைவேறும் சொற்செயல் அன்று; எதிரிலிருப்பவர் அதைக் கோரிக்கையெனக் கேட்டாக வேண்டும். கேளாதிருப்பவர் அச்செயலையே பிறவாமல் செய்துவிடுகிறார். அதிகாரத்துக்கு இதைவிட மலிவான கருவி வேறில்லை; மறுப்பாணையில்கூடக் கையொப்பமிட வேண்டியிருக்கிறது!

நம் பல்கலைக்கழகங்களின் கடிதத்தலைப்புகளைப் பாருங்கள். தொலைநகல் எண் இன்னும் பலவற்றில் அச்சேறிக்கொண்டிருக்கிறது. அந்த எந்திரம் எந்த அறையில் இருக்கிறதென்று பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். உதவித்தொகை விண்ணப்பம் மாலை 5 மணிக்குள் சேர வேண்டும் என்று விதிப்பவர்கள், எண் எடுக்கப்படாத வேளையில் அனுப்புநர் முயன்ற நேரத்தைக் காட்டும் சீட்டையே பெற்ற நேரமாக ஏற்க வேண்டும். அதற்கு உடன்பாடில்லையெனில், அடுத்த அச்சிலேயே அந்த எண்ணை நீக்கிவிடட்டும்.