சட்டம் இருக்கிறது, குழு எங்கே?

பிழைப்பைத் தேடி மும்பைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் பெண்கள் இன்று வேலை செய்யாத இடமில்லை. அலுவலகங்களில் குமாஸ்தாக்கள், மருத்துவமனைகளில் நர்சுகள், கடைகளில் விற்பனைப் பெண்கள், பிறர் வீடுகளில் பாத்திரம் துலக்குவோர் எனப் பல்லாயிரம் பேர் உழைக்கின்றனர். இவர்களில் ஒருவர் மேலதிகாரியின் ஆபாசப் பேச்சுக்கோ, தகாத தொடுகைக்கோ ஆளானால் நடப்பது என்ன? ஒன்று, வேலையை விட்டு நின்றுவிடுகிறார். அல்லது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறார். ‘பிழைக்க வந்த ஊரில் நமக்கேன் வம்பு?’ என்று வீட்டாரும் அவர் வாயை அடைத்துவிடுகின்றனர்.

இந்த அச்சம் தேவையற்றது. சட்டம் பெண்ணின் பக்கமே நிற்கிறது. ராஜஸ்தானில் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் பணியாற்றிய பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992-ல் கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டார். அதையொட்டித் தொடரப்பட்ட விசாகா வழக்கில் 1997-ல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. பின்னர் 2013-ல் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகக் குழு அமைப்பது முதலாளியின் கடமை. பெண் ஒருவரே அதற்குத் தலைமை வகிக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். நிறுவனத்தைச் சாராத ஒருவரும் இடம்பெற வேண்டும். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

பத்துப் பேருக்கும் குறைவான சிறு கடையாயின்? முதலாளியே குற்றம் புரிந்தவராயின்? அதற்கு மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு உண்டு. வீட்டு வேலை செய்யும் பெண்களும் அங்கே முறையிடலாம். நிரந்தர ஊழியர், தற்காலிக ஊழியர், காண்டிராக்ட் தொழிலாளி என்ற பேதம் இச்சட்டத்தில் இல்லை.

நம்மவர்கள் முக்கியமாக அறிய வேண்டியது காலக்கெடு. சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை அனுமதிக்கலாம். பொறுமையாக இருந்து பார்ப்போம் என்று காத்திருப்பவர் தம் உரிமையையே இழக்க நேரிடும்.

‘எனக்கு மராத்தியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது; எப்படி எழுதுவேன்?’ என்று தயங்கும் சகோதரிகள் உண்டு. எழுதித் தர இயலாதவருக்கு எழுத உதவுவது குழுவின் பொறுப்பு என்று சட்டமே கூறுகிறது. விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். அதுவரை இடமாற்றமோ, மூன்று மாதம் வரை விடுப்போ கோரலாம். புகாரை நிரூபிக்க இயலவில்லை என்பதற்காக மட்டும் தண்டிக்க முடியாது. பெயர் வெளியிடப்படவும் கூடாது. இவையன்றி, போலீசில் புகார் செய்யும் உரிமையும் தனியே இருக்கிறது.

ஏட்டில் இவ்வளவு இருந்தும் நடைமுறை என்ன? நாட்டின் 30 தேசிய விளையாட்டுச் சம்மேளனங்களில் 16 சம்மேளனங்கள் இக்குழுவை அமைக்கவில்லை என்ற பத்திரிகைச் செய்தியை 2023-ல் உச்ச நீதிமன்றமே எடுத்துக்காட்டி வருந்தியது. 2024 டிசம்பரில், மாவட்ட அதிகாரிகளை நியமிக்கவும் உள்ளூர்க் குழுக்களை அமைக்கவும் மாநில அரசுகளுக்குக் கெடு விதித்தது. சட்டம் வந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகும் நீதிமன்றம் கெடு விதிக்க வேண்டியிருந்தது வெட்கத்துக்குரியது. உள்ளூர்க் குழு எங்கே இருக்கிறது, யாரிடம் மனுக் கொடுப்பது என்பதை வார்டு வார்டாக, பல மொழிகளிலும் விளம்பரம் செய்ய மகாராஷ்டிர அரசு முன்வர வேண்டும்.

குழு பற்றிய அறிவிப்பைப் பணியிடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்பதும் சட்டம். நாளைக் காலை வேலைக்குச் செல்லும் ஒவ்வொருவரும், ஆண்களும் கூட, அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் தொழிற்சங்கத்தின் மூலம் நிர்வாகத்தைக் கேட்கட்டும். விழா எடுப்பதில் முன்நிற்கும் நமது தமிழ்ச் சங்கங்கள், வாரம் ஒரு மாலை மனு எழுதித் தரவும் உடன் செல்லவும் இரண்டு பேரை ஒதுக்கினால் அதுவே பெரிய தொண்டாகும்.

முறையிடும் பெண்ணை முதலில் நம்ப வேண்டியவர்கள் அவளுடைய வீட்டார். அவர்கள் துணை நின்றால் மற்றக் கதவுகளைத் தட்டும் துணிவு அவளுக்குத் தானே வரும்.